படிகமற்ற பல்லுறுப்பிகளில் ஃபெர்ரோமின், பைரோமின் தன்மைகள்

படிகமற்ற பல்லுறுப்பிகளின் ஃபெர்ரோமின், பைரோமின் தன்மைகள் என்பன, மூலக்கூறுச் சங்கிலிகள் ஒழுங்கான படிக அடுக்காக அமையாத நெகிழிப் பொருள்களில் மின்முனைவை உண்டாக்கி நிலைநிறுத்தும்போது காணப்படும் மின்னியல் பண்புகள் ஆகும். மின்புலத்தைத் திருப்பினால் தன் முனைவையும் திருப்பிக்கொண்டு, புலத்தை நீக்கிய பின்னும் அதைத் தக்கவைத்துக்கொள்ளும் பண்பு ஃபெர்ரோமின் தன்மை எனப்படும். வெப்பநிலை மாறும்போது பொருளின் பரப்பில் மின்னூட்டம் தோன்றுவது பைரோமின் தன்மை. அழுத்தும்போது தோன்றுவது அழுத்தமின் தன்மை. ஃபெர்ரோமின் படிகங்கள் அனைத்தும் பைரோமின் பொருள்களே. பைரோமின் படிகங்கள் அனைத்தும் அழுத்தமின் பொருள்களே. இந்த வரிசை தலைகீழாகச் செல்லாது.

பல ஆண்டுகளாக இத்துறையில் பேசப்பட்டதெல்லாம் பாலிவினைலிடீன் ஃபுளோரைடு (சுருக்கமாகப் பி.வி.டி.எஃப்.) என்னும் ஒரே பொருளைப் பற்றித்தான். அது பாதி படிகம், பாதி படிகமற்றது. முழுவதும் படிகமற்ற பல்லுறுப்பிகள் ஆய்வுக்கூடத்து ஆர்வமாகவே இருந்துவந்தன. ஃபுளோரின் செறிந்த கரிமச் சேர்மங்கள் அனைத்தையும் ஒரே சட்டத்தின் கீழ்க் கட்டுப்படுத்தும் முன்மொழிவை ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் வெளியிட்டதிலிருந்து இந்நிலை மாறியுள்ளது. பி.வி.டி.எஃப். கிடைக்காமல் போனால் எதைக் கொண்டு உணரிகள் செய்வது என்ற கேள்வி இப்போது தொழிற்சாலைகளின் கேள்வியாகிவிட்டது.

வரலாறு

பைரோமின் விளைவை ஐரோப்பியர் அறிந்தது இலங்கையிலிருந்து சென்ற ஒரு கல்லின் மூலம். 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு வணிகர்கள் கொண்டுசென்ற தூர்மலின் கற்கள், சூடான கரியருகே வைத்தால் சாம்பலை இழுத்துப் பின் தள்ளின. அதனால் அக்கல்லுக்குச் "சாம்பல் இழுப்பான்" என்ற பொருளில் டச்சு மொழியில் ஒரு பெயரும் வழங்கியது. தூர்மலின் என்ற பெயரே சிங்களச் சொல்லிலிருந்து வந்தது. இவ்விளைவுக்குப் பைரோமின் என்ற பெயரை 1824 இல் இட்டவர் டேவிட் புரூஸ்டர். ஃபெர்ரோமின் தன்மையை ரோசெல் உப்பில் முதலில் கண்டவர் ஜோசப் வலசெக். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1920 ஆம் ஆண்டையொட்டி அவர் இவ்வாய்வைச் செய்தார்.

இவையெல்லாம் படிகங்கள். பல்லுறுப்பிகளின் வரலாறு வேறொரு வழியில் வந்தது. ஜப்பானியரான மொத்தாரோ எகுச்சி, உருக்கிய மெழுகும் பிசினும் கலந்த கலவையை மின்புலத்தில் உறையவைத்து, நிலையான மின்முனைவுள்ள தட்டுகளைச் செய்தார். இவை மின்னிருத்திகள் (எலக்ட்ரெட்) எனப்பட்டன. பின்னர் 1969 இல் ஹெய்ஜி கவாய், பி.வி.டி.எஃப். தகட்டை இழுத்து நீட்டி மின்புலத்துக்கு உட்படுத்தினால் அது வலுவான அழுத்தமின் பொருளாகிறது எனக் கண்டறிந்தார். அதன் பைரோமின் தன்மை 1971 இல் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்டது.

பி.வி.டி.எஃப். ஏன் அளவுகோலாயிற்று

பி.வி.டி.எஃப். சங்கிலியில் ஒரு கரியணு இரு ஹைட்ரஜன்களையும், அடுத்த கரியணு இரு ஃபுளோரின்களையும் தாங்கி நிற்கின்றன. ஃபுளோரின் எதிர்மின்னிகளைத் தன்பால் இழுப்பதால் ஒவ்வொரு அலகும் ஓர் இருமுனையாகிறது. உருக்கிக் குளிர்விக்கும்போது உண்டாகும் ஆல்ஃபா படிகத்தில் அடுத்தடுத்த சங்கிலிகளின் இருமுனைகள் ஒன்றையொன்று நீக்கிக்கொள்கின்றன. இழுத்து நீட்டும்போது உண்டாகும் பீட்டா படிகத்தில் ஃபுளோரின்கள் அனைத்தும் சங்கிலியின் ஒரே பக்கத்தில் அமைகின்றன. மின்புலம் கொடுத்தால் சங்கிலிகள் தம் அச்சில் புரண்டு ஒரே திசையை நோக்குகின்றன.

இவ்வாறு பெறப்படும் எஞ்சிய மின்முனைவு சதுர மீட்டருக்கு 50 முதல் 60 மில்லிகூலோம் வரை. பைரோமின் கெழு ஒரு பாகைக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 25 மைக்ரோகூலோம். பீங்கான் வகைகளோடு ஒப்பிட்டால் இவை சிறிய எண்களே. ஆனால் பி.வி.டி.எஃப். மெல்லியது, வளைவது, பெரிய பரப்பில் கிடைப்பது. அதன் ஒலித்தடை நீரின் ஒலித்தடைக்கு அருகில் இருப்பதால் நீருக்குள் ஒலியை அளக்க இதைவிடப் பொருத்தமானது அரிது. மருத்துவமனைகளின் மீயொலிக் கருவிகள் உடலுக்குள் எவ்வளவு அழுத்தத்தைச் செலுத்துகின்றன என்பதைச் சரிபார்க்கும் நீரொலிவாங்கிகள் பி.வி.டி.எஃப். சவ்வுகளால் ஆனவை. கருவிலுள்ள குழந்தையைப் பார்க்கும் கருவி பாதுகாப்பானது என்ற உறுதி, இந்தச் சவ்வு தரும் எண்ணையும் சார்ந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்மொழிவு

பெர்ஃபுளோரோ, பாலிஃபுளோரோ ஆல்க்கைல் சேர்மங்கள் (பி.எஃப்.ஏ.எஸ்.) இயற்கையில் எளிதில் சிதையாதவை. அதனால் இவற்றை "என்றும் அழியா வேதிப்பொருள்கள்" என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. ஜெர்மனி, டென்மார்க், நெதர்லாந்து, நார்வே, சுவீடன் ஆகிய ஐந்து நாடுகள் 2023 ஜனவரியில் ஐரோப்பிய வேதிப்பொருள் முகமையிடம் ஒரு முன்மொழிவை அளித்தன. முகமை அதைப் பிப்ரவரியில் வெளியிட்டது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சேர்மங்கள் இதன் வரம்புக்குள் வருகின்றன. 2023 மார்ச் முதல் செப்டம்பர் வரை நடந்த கருத்துக்கேட்பில் 5,600 க்கும் மேற்பட்ட கருத்துகள் குவிந்தன.

பி.வி.டி.எஃப். இந்த வலைக்குள் விழுவது ஒரு வரையறையால். பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு 2021 இல் வகுத்த வரையறையின்படி, முழுவதும் ஃபுளோரினேற்றப்பட்ட ஒரு மெத்தில் அல்லது மெத்திலீன் கரியணு இருந்தாலே அச்சேர்மம் பி.எஃப்.ஏ.எஸ். ஆகும். பி.வி.டி.எஃப். சங்கிலியின் ஒவ்வோர் இரண்டாம் கரியணுவும் அத்தகையது. மின்முனைவைத் தரும் அதே அணுக்கூட்டம்தான் சட்டத்தின் பிடியிலும் சிக்கவைக்கிறது. ஆகவே இச்சங்கிலியைச் சிறிது மாற்றியமைத்துத் தப்பிக்க வழியில்லை. பி.வி.டி.எஃப். உடன் டிரைஃபுளோரோஎத்திலீன் சேர்ந்த இணைபல்லுறுப்பிக்கும் இதே நிலைதான்.

இதற்கு உற்பத்தியாளர்கள் கூறும் மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. ஃபுளோரோபல்லுறுப்பிகளின் மூலக்கூறுகள் மிகப் பெரியவை, நீரில் கரையாதவை, உடலணுக்களுக்குள் புகாதவை; குடிநீரில் கலந்து நோய்க்குக் காரணமாகும் சிறு மூலக்கூறுகளோடு இவற்றைச் சேர்த்து எண்ணுவது தவறு என்பது அவர்கள் வாதம். தகடாகிவிட்ட பொருளைப் பொறுத்தவரை இவ்வாதம் பெரிதும் சரி. ஆனால் அப்பொருள் எவ்வாறு உண்டாகிறது என்பதை இது கணக்கில் கொள்வதில்லை. நியூஜெர்சி மாநிலத்தின் வெஸ்ட் டெப்ஃபோர்டில் பி.வி.டி.எஃப். உற்பத்தி செய்த ஆலையில் ஃபுளோரின் கொண்ட பரப்புவினைப்பொருள் துணைப்பொருளாகப் பயன்பட்டது. அதிலிருந்த பெர்ஃபுளோரோநோனனாயிக் அமிலம் சுற்றுப்புற நீரை மாசுபடுத்தியது. இது தொடர்பாக 2023 ஜூனில் சால்வே நிறுவனத்தின் துணை நிறுவனம் அம்மாநிலத்துடன் சுமார் 393 மில்லியன் அமெரிக்க டாலர் மதிப்பிலான உடன்பாட்டுக்கு வந்தது. தகடு தீங்கற்றது; தகட்டுக்கு வந்த வழி அவ்வாறன்று. இப்போது சில உற்பத்தியாளர்கள் ஃபுளோரினற்ற பரப்புவினைப்பொருளைக் கொண்டே பி.வி.டி.எஃப். செய்கின்றனர். இது பாதிச் சிக்கலைத் தீர்க்கும். பயன்படுத்திக் கழித்த பின் எரிப்பது, புதைப்பது பற்றிய மீதிப் பாதி அப்படியே நிற்கிறது.

2023 ஆம் ஆண்டு முன்மொழிவில் இரு முதன்மைத் தெரிவுகள் இருந்தன. ஒன்று, 18 மாத மாறுதல் காலத்துக்குப் பின் முழுத் தடை. மற்றொன்று, குறிப்பிட்ட பயன்பாடுகளுக்கு 5 அல்லது 12 ஆண்டு கூடுதல் விலக்கு. 2025 ஆகஸ்டில் வெளியான திருத்திய ஆவணம், தடைக்கு மாற்றாகக் கட்டுப்பாடுகளுடன் தொடர்ந்து பயன்படுத்த இடமளிக்கும் தெரிவுகளையும் ஆராய்ந்தது. முகமையின் அறிவியல் குழுக்களது மதிப்பீட்டை 2026 இல் முடிப்பது அப்போது அறிவிக்கப்பட்ட இலக்கு. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலம் 2023 இல் இயற்றிய சட்டம், தவிர்க்கமுடியாத பயன்பாடு என ஏற்கப்பட்டவை நீங்கலாக, வேண்டுமென்றே பி.எஃப்.ஏ.எஸ். சேர்த்த பொருள்களின் விற்பனையை 2032 முதல் தடைசெய்கிறது. வலசெக் ஃபெர்ரோமின் தன்மையைக் கண்ட மாநிலமும், 2025 இறுதிக்குள் பி.எஃப்.ஏ.எஸ். உற்பத்தியிலிருந்து விலகுவதாக 2022 டிசம்பரில் அறிவித்த 3எம் நிறுவனத்தின் தலைமையகம் உள்ள மாநிலமும் இதுவே.

உணரிகளுக்குச் செல்லும் பி.வி.டி.எஃப். மொத்த உற்பத்தியில் மிகச் சிறு பகுதியே. பெரும்பகுதி லித்தியம் மின்கலங்களில் பிணைப்புப் பொருளாகவும், பூச்சுகளாகவும், குழாய்களாகவும், வடிகட்டிச் சவ்வுகளாகவும் போகிறது. ஆதலால் உணரித் தொழிலின் எதிர்காலம் அத்தொழிலின் கையில் இல்லை. மின்கலத் தொழிலுக்கு விலக்கு கிடைத்தால் மூலப்பொருள் கிடைக்கும். இல்லையேல் சில கிலோகிராம் தகட்டுக்காக யாரும் ஆலையை நடத்தப்போவதில்லை. பீங்கான் பக்கம் திரும்பலாம் என்றால், அங்குப் பெரிதும் பயன்படுவது ஈயம் கலந்த சிர்க்கோனேட் டைட்டனேட்டு. ஈயத்தைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய விதியில் இதற்குத் தரப்பட்டிருப்பது காலவரையறையுள்ள விலக்கு மட்டுமே.

படிகம் இல்லாமல் முனைவு நிற்பது எவ்வாறு

படிகத்தில் இருமுனைகள் ஒரே திசையில் நிற்பது, அதுவே மிகக் குறைந்த ஆற்றல் நிலை என்பதால். படிகமற்ற பொருளில் அத்தகைய காரணம் எதுவும் இல்லை. அங்கு முனைவு நிற்பது, திரும்பிச் செல்ல வழியில்லாததால். கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலைக்கு மேல் சங்கிலிகள் அசையக்கூடியவை. அப்போது வலுவான மின்புலம் கொடுத்தால் இருமுனைகள் ஓரளவு ஒருபக்கம் சாய்கின்றன. புலத்தை நீக்காமலே குளிர்வித்தால் அந்தச் சாய்வு உறைந்துவிடுகிறது. ஈரக் களிமண்ணில் பதித்த கைத்தடம், மண் காய்ந்தபின் நிற்பதைப் போன்றது இது.

உறைந்த முனைவின் அளவைக் கணக்கிடுவது எளிது. நிலைமாற்ற வெப்பநிலைக்கு மேலும் கீழும் அளந்த மின்கடத்தா மாறிலிகளின் வேறுபாட்டை, வெற்றிடத்தின் மின்கடத்தா மாறிலியாலும் கொடுத்த மின்புலத்தாலும் பெருக்கினால் போதும். வீட்டுக் குழாய்களுக்குப் பயன்படும் பாலிவினைல் குளோரைடு ஏறத்தாழ 80 பாகை செல்சியசில் நிலைமாறுகிறது. அதன் மாறிலி வேறுபாடு சுமார் 10. மைக்ரோமீட்டருக்கு 30 வோல்ட் புலத்தில் கிடைப்பது சதுர மீட்டருக்கு 2.7 மில்லிகூலோம். இது பி.வி.டி.எஃப். தருவதில் இருபதில் ஒரு பங்கு. இரு மடங்கு முனைவு வேண்டுமெனில் இரு மடங்கு புலம் தரவேண்டும். அதற்கு முன்பே தகடு மின்முறிவுக்கு உள்ளாகலாம்.

பைரோமின் தன்மை இங்கு வேறு வகையில் உண்டாகிறது. இருமுனைகள் உறைந்திருக்கின்றன, ஆயினும் வெப்பத்தால் பொருள் விரிகிறது. விரிந்தால் ஓர் அலகுக் கனவளவில் உள்ள இருமுனைகளின் எண்ணிக்கை குறைகிறது, பரப்பு மின்னூட்டமும் குறைகிறது. கண்ணாடி நிலையில் பல்லுறுப்பிகளின் கனவளவு ஒரு பாகைக்குப் பத்தாயிரத்தில் இரு பங்கு என்ற அளவில் விரிகிறது. மேற்கண்ட 2.7 மில்லிகூலோமை இதனால் பெருக்கினால் பாகைக்கு அரை மைக்ரோகூலோமுக்குச் சற்று மேல் வருகிறது. பி.வி.டி.எஃப். தரும் 25 உடன் இதை ஒப்பிட்டால், குழாய்ப் பொருளைக் கொண்டு யாரும் வெப்ப உணரி செய்யாதது ஏன் என்பது விளங்கும்.

ஆகவே நல்ல படிகமற்ற பொருளுக்கு மூன்று தேவைகள் உள்ளன. வலுவான இருமுனை, அது புரள இடம், பயன்படும் வெப்பநிலையைவிட மிக உயர்ந்த நிலைமாற்ற வெப்பநிலை. மூன்றாவதைப் புறக்கணிக்கும் ஆய்வுகள் பல. நிலைமாற்ற வெப்பநிலையை நெருங்க நெருங்கக் களிமண் மீண்டும் இளகுகிறது. ஆய்வுக்கூடத்தில் ஒரு வாரம் நின்ற முனைவு, வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு கோடைகாலம் நிற்கும் என்பதற்கு உறுதி இல்லை.

சயனோ தொகுதியுள்ள பல்லுறுப்பிகள்

ஃபுளோரினுக்கு மாற்றாக முதலில் நினைவுக்கு வருவது சயனோ தொகுதி. அதன் இருமுனைத் திருப்புத்திறன் 4 டிபையைத் தாண்டும்; பி.வி.டி.எஃப். அலகின் திருப்புத்திறன் 2 டிபையை ஒட்டியது. 1980 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வினைலிடீன் சயனைடும் வினைல் அசிட்டேட்டும் மாறிமாறி அமைந்த இணைபல்லுறுப்பியில் வலுவான அழுத்தமின் தன்மையை அறிவித்தனர். இது படிகமற்றது. நிலைமாற்ற வெப்பநிலை 170 பாகையை ஒட்டியது. மாறிலி வேறுபாடு 100 க்கும் மேல். மேலே செய்த அதே கணக்கை 125 என்ற வேறுபாட்டோடு செய்தால் சதுர மீட்டருக்கு 33 மில்லிகூலோம் வருகிறது. பி.வி.டி.எஃப். அளவில் பாதிக்கும் மேல், அதுவும் படிகமே இல்லாமல்.

தனித்தனி இருமுனைகள் இவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தர இயலாது. பத்தோ அதற்கு மேலோ இருமுனைகள் கூட்டாகப் புரள்கின்றன என்பதே இதற்கு அளிக்கப்பட்ட விளக்கம். இப்பொருள் சந்தையை நிறைக்காததற்கு இயற்பியல் காரணமன்று. வினைலிடீன் சயனைடு ஒற்றையுறுப்பு, சிறிது நீர் பட்டாலும் தானே பல்லுறுப்பாகிவிடும். காற்றின் ஈரத்துக்கே அஞ்சவேண்டிய மூலப்பொருளை ஆலையில் கையாள்வது கடினம்.

அமெரிக்க விண்வெளி முகமையான நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் 1990களின் பிற்பகுதியில் சூபெய்தா ஊனாய்ஸ், ஜாய்சிலின் ஹாரிசன் முதலானோர் சயனோ தொகுதி பொருத்திய பாலிஇமைடுகளை ஆய்ந்தனர். இவற்றுள் ஒன்றின் நிலைமாற்ற வெப்பநிலை 220 பாகை. பி.வி.டி.எஃப். தன் பண்பை இழக்கும் வெப்பநிலைகளிலும் இது தாங்குகிறது. ஆனால் அறை வெப்பநிலையில் இதன் விளைவு பி.வி.டி.எஃப். விளைவைவிட மிகக் குறைவு. சங்கிலி விறைப்பானது என்பதால் வெப்பத்தைத் தாங்குகிறது. அதே விறைப்பினால் இருமுனைகள் முழுதும் திரும்பவும் முடிவதில்லை.

இதை ஃபெர்ரோமின் தன்மை எனலாமா

இது பெயரைப் பற்றிய வழக்காகத் தோன்றினாலும் அவ்வளவு சிறிதன்று. உறைந்த முனைவுள்ள கண்ணாடி வெப்பச் சமநிலையில் இல்லை. அதற்குக் கியூரி வெப்பநிலையும் இல்லை. கடுமையான வரையறையின்படி அது ஃபெர்ரோமின் பொருளாகாது, பைரோமின் பொருள் மட்டுமே. வினைலிடீன் சயனைடு வகையில் மின்புலத்துக்கு எதிராக முனைவை வரைந்தால் தயக்க வளைவு கிடைப்பதால் அங்கு வாதம் தொடர்கிறது.

ஆனால் தயக்க வளைவு மட்டும் சான்றாகாது. 2008 இல் ஜே. எஃப். ஸ்காட் என்ற இயற்பியலாளர், வாழைப்பழத் தோலுக்கு மின்முனைகள் பொருத்தி அளந்து, பல ஆய்வுக்கட்டுரைகளில் ஃபெர்ரோமின் சான்றாகக் காட்டப்பட்டவற்றைப் போன்ற மூடிய வளைவைப் பெற்று வெளியிட்டார். மின்கசிவுள்ள எந்தப் பொருளும் இத்தகைய வளைவைத் தரும் என்பதே அதன் கருத்து. நெகிழிகளில் இன்னொரு பொறியும் உண்டு. மின்முனையிலிருந்து புகுந்து சிக்கிக்கொள்ளும் மின்னூட்டங்கள், இருமுனையே இல்லாத பொருளையும் முனைவுள்ளதுபோல் காட்டும். 1962 இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கெர்ஹார்டு செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும் உருவாக்கிய ஒலிவாங்கி இத்தகைய சிக்கிய மின்னூட்டத்தாலேயே இயங்குகிறது. அது பயனுள்ள பொருள்தான். ஆனால் ஃபெர்ரோமின் பொருளன்று. மெல்லச் சூடாக்கி வெளிவரும் மின்னோட்டத்தை வெப்பநிலைக்கு எதிராக அளந்தால் இவ்விரண்டையும் பெரும்பாலும் பிரித்தறியலாம். புதிய பல்லுறுப்பி ஒன்றை ஃபெர்ரோமின் என்று அறிவிக்கும் கட்டுரையில் இந்த அளவீடு உள்ளதா என்று முதலில் தேடிப் பார்ப்பது மாணவர்களுக்கு நல்ல பழக்கம்.

அண்மைய முயற்சிகள்

படிகமே ஒழுங்குக்கு ஒரே வழி என்ற எண்ணம் வேறொரு திசையிலிருந்தும் தளர்ந்துள்ளது. இருமுனைகள் ஒரே திசையில் நிற்கும் திரவம் இருக்கக்கூடும் என்று மாக்ஸ் போர்ன் 1916 இல் கருதினார். நூறாண்டுகளுக்குப் பின், 2017 இல் பிரித்தானியாவிலும் ஜப்பானிலும் தனித்தனியே அதற்கேற்ற நீர்மப் படிகங்கள் உருவாக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றின் ஃபெர்ரோமின் தன்மையை 2020 இல் கொலராடோ பல்கலைக்கழகக் குழு உறுதிசெய்தது. அச்சேர்மத்தின் முனைவு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 60 மில்லிகூலோம், அதாவது பி.வி.டி.எஃப். அளவு. அதில் ஃபுளோரின் இல்லை. இத்தகைய மூலக்கூறுகளைச் சங்கிலியில் தொடுத்து உறையவைக்கும் முயற்சிகள் நடைபெறுகின்றன.

2025 இல் அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெய் சூ தலைமையிலான குழு, ஃபுளோரின் இல்லாத ஃபெர்ரோமின் பல்லுறுப்பி ஒன்றைச் சயன்ஸ் இதழில் வெளியிட்டது. மின்முனைவு நிலைக்க இப்பொருள் படிகமாக வேண்டியதில்லை என்பது இதன் சிறப்பு. உடலில் அணியும் உணரிகளுக்கு ஏற்ற மென்மையும் இதற்கு உண்டு.

மற்ற மாற்றுகளும் பேசப்படுகின்றன. பாலிலாக்டிக் அமிலம் அழுத்தமின் தன்மை உடையது. ஆனால் பைரோமின் தன்மை இல்லாததால் வெப்ப உணரிக்கு உதவாது. அழுத்த உணரியில் அதுவே நன்மை. வெப்பநிலை மாற்றம் தவறான குறிப்பைத் தராது. நைலான்-11 ஃபெர்ரோமின் தன்மை உடையது, ஆனால் படிகப் பகுதியைச் சார்ந்தது, ஈரத்தை உறிஞ்சுவது. நுண்குமிழ்கள் நிறைந்த பாலிபுரோப்பிலீன் தகடு பி.வி.டி.எஃப். தகட்டைவிடப் பல மடங்கு அழுத்தமின் விளைவைத் தருகிறது. 60 பாகைக்கு மேல் குமிழ்ச்சுவர்களின் மின்னூட்டம் கசிந்துவிடுகிறது. ஒரே பொருள் பி.வி.டி.எஃப். இடத்தை முழுதும் நிரப்பும் என எதிர்பார்ப்பதைவிட, பயன்பாடு ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு பொருள் வரும் என எதிர்பார்ப்பதே பொருத்தம். அவற்றுள் மீயொலி நீரொலிவாங்கியின் இடமே கடைசியாக நிரம்பக்கூடும். அங்குத் தேவை பெரிய குறிப்பலையன்று, ஆண்டுகள் பல கடந்தாலும் மாறாத குறிப்பலை.

2006 ஜனவரியில் ஏவப்பட்ட நியூ ஹொரைசன்ஸ் விண்கலத்தில் மாணவர்கள் உருவாக்கிய தூசி எண்ணி ஒன்று உள்ளது. தூசித்துகள் மோதும் இடத்தில் பி.வி.டி.எஃப். தகட்டின் முனைவு அழிய, அதனால் எழும் மின்துடிப்பை அக்கருவி எண்ணுகிறது. புளூட்டோவைக் கடந்து, சூரியனிலிருந்து பூமியின் தொலைவைப்போல் 55 மடங்கு தொலைவு வரை அது திரட்டிய தரவுகள் 2024 இல் வெளியாயின. அத்தகடு உருவாகி முனைவேற்றப்பட்டு அப்போது 18 ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. 2025 இல் அறிவிக்கப்பட்ட ஒரு பொருளுக்கு அத்தனை ஆண்டுப் பதிவு இருக்க வழியில்லை. முன்மொழிவிலுள்ள நீண்ட விலக்கின் காலம் 12 ஆண்டுகள்.